பவளத் தொட்டியில் பாசி பெருகினால்: பெயரைக் கண்டறிந்த பிறகே மருந்து

கடல்நீர்த் தொட்டி அமைத்த மூன்றாவது அல்லது நான்காவது வாரத்தில் மணலின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு மெல்லிய படலம் படியும். புதிதாகத் தொடங்கியவர்கள் பலரும் அதைக் கண்டு பதறி, கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பாசிக்கொல்லியை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். அந்தப் படலமோ, நீரிலும் புதிய மணலிலும் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகவே மறையக்கூடியது. ஆறு மாதம் கழித்து ஏறக்குறைய அதே நிறத்தில் வேறொரு படலம் வரலாம். அது நத்தைகளைக் கொல்லும், பவளங்களின் மேல் சளிபோலப் படரும், தவறாகக் கையாண்டால் மாதக்கணக்கில் போகாது. பச்சைப் பாசியைக் குறைப்பதற்காகச் செய்யும் வேலையே இந்த இரண்டாவது படலத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது என்பதை நான் என் சொந்தத் தொட்டியில் வருத்தத்தோடு கற்றேன். ஆகவே வந்திருப்பது எது என்று முதலில் கண்டறியுங்கள். அடுத்து தண்ணீரை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகே கைவையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும் கடல் அட்டைகளும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டவை. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்டு 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவிலிருந்து பாறைத்துண்டு ஒன்றைக்கூட எடுத்துவருவது குற்றம். எனவே இங்கே சொல்வதெல்லாம் மென்பவளங்களையும் காளான் பவளங்களையும் ஜோவாந்திட்களையும் (பூப்போலக் கூட்டமாகப் பாறையில் ஒட்டி வளரும், பவளத்தின் உறவான உயிர்கள்) வளர்க்கும், ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு சென்னை வீட்டுத் தொட்டியை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

பாசி ஏன் பெருகுகிறது

நல்ல பவளத் திட்டிலும் பாசி ஓயாமல் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்ந்த வேகத்திலேயே அதை மேய்ந்துவிடும் உயிர்கள் இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரீபியக் கடலில் 1983, 1984 ஆண்டுகளில் டயடெமா என்னும் நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலிகள் நோயால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. சூறாவளிகளாலும் மிகுதியான மீன்பிடிப்பாலும் ஏற்கெனவே நலிந்திருந்த ஜமைக்காவின் பவளத் திட்டுகளைப் பாசி மூடியது. 1970களின் இறுதியில் அங்கே கடலடியில் பாதியளவை நிறைத்திருந்த உயிர்ப்பவளம், 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 3 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வீட்டுத் தொட்டியிலும் கணக்கு அதேதான்: உள்ளே போகும் சத்து, வெளியே எடுக்கப்படும் சத்து, மேயும் வாய்கள் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று சமன் குலைந்திருக்கிறது. புட்டி மருந்து அந்தச் சமனைத் திருத்தாது. செத்த பாசி அழுகி, தான் உறிஞ்சி வைத்திருந்த நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மீண்டும் தண்ணீரிலேயே விடும்.

வந்திருப்பது எது

கண்ணாடியில் இரண்டு நாளுக்கு ஒருமுறை படியும் பச்சைத் தூசி போன்ற படலம் எல்லாத் தொட்டியிலும் வரும். காந்தத் துடைப்பானால் துடைத்தால் போதும். பாறையில் நூல் நூலாக, விரலால் இழுத்தால் பிய்ந்து வருவது பச்சை முடிப்பாசி. அதைப்போலவே பச்சையாக இருந்து, ஒவ்வொரு இழையும் பறவை இறகின் வடிவில் இருந்தால் அது பிரையாப்சிஸ்; சத்தைக் குறைப்பதால் மட்டும் அது எளிதில் அடங்குவதில்லை. பச்சைக் கண்ணாடிக் குமிழிகள் போல் ஒட்டியிருப்பது வலோனியா. ஒரு குமிழி முழுவதும் ஒரே செல் என்பது வியப்புக்குரிய செய்திதான். அதை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுத்துவிடுங்கள்; எமரால்டு நண்டு ஒன்று இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

கருஞ்சிவப்பில், பாய் விரித்ததுபோல் மணலின் மேல் படர்ந்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் தோலைப்போல உரிந்து வருவது சயனோபாக்டீரியா. பாசி என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது பாக்டீரியாவே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிறைக்கத் தொடங்கிய பரம்பரை அது.

பழுப்பு நிறத்தில்தான் குழப்பம் வருகிறது. தொட்டி புதியது, படலம் மாவுபோல் இருக்கிறது, கையை அசைத்தால் புழுதியாகக் கலைகிறது என்றால் அது டயாட்டம் என்னும், சிலிகேட்டைக் கொண்டு ஓடு கட்டும் நுண்பாசி. தொட்டிக்கு வயது ஆகிவிட்டது, படலம் மூக்குச்சளிபோல் இழை இழையாகத் தொங்குகிறது, இழைகளின் நுனியில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கின்றன, விளக்கு அணைந்த பின் குறைந்துபோய் மறுநாள் பிற்பகலில் முழு அளவில் திரும்புகிறது, நத்தைகள் பாறையிலிருந்து விழுந்து சாகின்றன என்றால் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒருசெல் நுண்ணுயிர் என்று ஐயப்பட வேண்டும். வளர்ப்பவர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. படலத்தில் சிறிதைத் தொட்டி நீரோடு சேர்த்து ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். தெளிவாக இருந்த நீரில் மீண்டும் இழைகள் திரண்டு சேர்ந்தால் பெரும்பாலும் டைனோதான். உறுதியாக அறிய 400 மடங்கு பெரிதாக்கும் மாணவர் நுண்ணோக்கி போதும். டயாட்டம் கண்ணாடித் துண்டுபோல் விறைத்திருக்கும். சயனோ நூலாகத் தெரியும். டைனோ உயிரோடு சுழன்று நகரும். நுண்ணோக்கிக்குச் செலவிடும் தொகை, குருட்டுத்தனமாக வாங்கும் நான்கு புட்டி மருந்துகளின் விலையைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் தினமும் உப்பில்லாத நீரை ஊற்றி அளவைச் சரிசெய்கிறோம். அந்த நீர் எது என்பதில்தான் பல பாசித் தொல்லைகளின் வேர் இருக்கிறது. சென்னையின் வெயிலில் விசிறி வைத்துக் குளிர்விக்கும் 300 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 5 லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். 60 நாளில் 300 லிட்டர், அதாவது ஒரு முழுத் தொட்டி நீர், வெளியிலிருந்து உள்ளே போயிருக்கும். ஊற்றிய நீரில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் நைட்ரேட் இருந்தால், மீனுக்கு ஒரு துணுக்கு உணவும் போடாமலேயே இரண்டு மாதத்தில் 15 பிபிஎம் (ஒரு பிபிஎம் என்பது ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) நைட்ரேட்டைச் சேர்த்துவிட்டீர்கள். சிலிகேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் அவையும் அதே வழியில் குவியும்.

குழாய் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் நேராக ஊற்றக் கூடாது என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது, சமையலறை ஆர்.ஓ. இயந்திர நீர் போதும் என்ற நம்பிக்கைதான் இன்னும் நிலவுகிறது. அந்த இயந்திரங்கள் பலவற்றில் சுவைக்காகச் சுத்திகரிக்காத நீரில் சிறிதைக் கலக்கும் வால்வும் கனிமம் சேர்க்கும் குடுவையும் இருக்கும். குடிக்க உகந்தது என்பதால் தொட்டிக்கு உகந்தது ஆகிவிடாது. ஆர்.ஓ. சவ்வைத் தாண்டியதும், இந்த இரண்டையும் அடையுமுன் நீரைப் பிரித்து, டி.ஐ. பிசின் (நீரில் எஞ்சிய கரைந்த பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் பிசின்) நிரப்பிய ஒரு குழலின் வழியே செலுத்துங்கள். வெளிவரும் நீரை, கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் 0 காட்ட வேண்டும். 1, 2 என்று ஏறத் தொடங்கிய அன்றே பிசினை மாற்றுங்கள்; தீர்ந்துபோன பிசின், தான் பிடித்து வைத்திருந்த சிலிகேட்டைத் திரும்ப விட்டுவிடும்.

கடற்கரையிலிருந்து கடல்நீர் கொண்டுவந்து பயன்படுத்துபவர்களும் இங்கே உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆறுகளும் வடிகால்களும் கடலில் கலக்கும் இடங்களுக்கு அருகே நீர் எடுப்பதை அறவே தவிர்த்துவிடுங்கள். உப்பின் அளவும் குறைந்திருக்கும், கழிவின் சத்தும் கூடியிருக்கும்.

அளப்பது

பிசினைச் சரிசெய்த பின், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒரே நாளில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மென்பவளத் தொட்டிக்கு நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் என்ற எல்லைக்குள் இருந்தால் கவலை இல்லை. பாஸ்பேட்டை நிறம் ஒப்பிடும் சாதாரணக் குப்பியில் இவ்வளவு நுணுக்கமாகப் படிப்பது கடினம். ஹன்னா நிறுவனத்தின் மிகக் குறைந்த அளவு பாஸ்பரஸ் காட்டும் சிறிய மின்னணுக் கருவியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது பாஸ்பரஸைப் பிபிபி அளவில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டுவதால், காட்டிய எண்ணை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். 20 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.06 பிபிஎம்.

முடிப்பாசி அடர்ந்திருக்கும் தொட்டியில் கருவி 0 காட்டினால், சத்தே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். தண்ணீருக்கு வந்த சத்தை அளக்குமுன்பே பாசி விழுங்கிவிட்டது என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். பாசியைப் பெருமளவு பறித்து எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து அளந்தால் உண்மை நிலவரம் தெரியும்.

முடிப்பாசியை அடக்குதல்

கையால் பறிப்பதுதான் முதல் வேலை. இதைத் தவிர்த்துவிட்டு எந்த முறையும் பலிப்பதில்லை. நீர் மாற்றும் நாளில், மெல்லிய குழாயால் நீரை உறிஞ்சி வாளியில் விட்டுக்கொண்டே, குழாயின் வாய்க்கு அருகில் பாசியைப் பறியுங்கள். பிய்ந்த இழைகள் தொட்டியில் பரவாமல் நீரோடு போய்விடும். தனியாக எடுக்க முடிகிற பாறையாக இருந்தால், வாளியில் எடுத்த தொட்டி நீரில் வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டுத் திரும்ப வையுங்கள். பிடிவாதமான திட்டுகளுக்கு, பாறையை நீருக்கு வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியின் மேல் மட்டும் தடவி, ஓரிரு நிமிடம் விட்டு, தொட்டி நீரில் அலசி வைக்கலாம். நம் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல் என்பதால், சம அளவு ஆர்.ஓ. நீர் கலந்துகொள்ளுங்கள். இறால் வளர்ப்பவர்கள் அலசாமல் திரும்ப வைக்க வேண்டாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். ஜோவாந்திட் ஒட்டியிருக்கும் பாறையை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் ஊறவோ கொதிக்கவோ வைக்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசித்து முழுக் குடும்பமும் மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் உண்டு. தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள்.

பறித்த பிறகு வரத்தைக் குறைக்க வேண்டும். உறைந்த உணவை உறைநீரோடு கொட்டாமல், சிறிய வலையில் வைத்து அலசிப் போடுங்கள். மீன் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போதும். விளக்கு எரிவது நாளொன்றுக்கு 8 அல்லது 9 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். சன்னல் வழியே வெயில் விழுந்தால் திரை போடுங்கள். வாரம் 10 சதவீத நீர் மாற்றுவது நல்ல பழக்கந்தான், ஆனால் அதனிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். 20 பிபிஎம் நைட்ரேட் ஒரு முறையில் 18 ஆகும். இடையில் எதுவும் சேராது என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து வாரம் கழித்து ஏறத்தாழ 12இல்தான் நிற்கும். நிலையான வெளியேற்றத்துக்கு ஒழுங்காக நுரை தள்ளும் ஸ்கிம்மரும் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி), சம்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டும் தொட்டி) கீட்டோமார்பா என்னும் நூற்கண்டு போன்ற பாசியும் உதவும். அதற்குத் தனி விளக்கு வைத்து, மேல்தொட்டி இருளாக இருக்கும் இரவில் எரியவிடுங்கள். வேண்டாத இடத்தில் வளர இருக்கும் பாசியை வேண்டிய இடத்தில் வளர்த்து, மாதம் ஒரு கைப்பிடி அறுத்து எடுப்பதே இதன் உத்தி.

பாஸ்பேட் 0.2, 0.3 என்று உயர்ந்திருந்தால் மட்டும், பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடுத் துகளைப் பயன்படுத்துங்கள். அதுவும் உறையில் சொன்ன அளவில் பாதியிலிருந்து தொடங்கி, வாரம் இருமுறை அளந்துகொண்டே. நான் இதில்தான் தவறினேன். கருவி 0 காட்டும்வரை துகளை மாற்றி மாற்றிப் போட்டேன். முடிப்பாசி வெளுத்து உதிர்ந்தது. அடுத்த இரண்டே வாரத்தில் மணல் முழுவதும் டைனோ.

மேய்ப்பவற்றைக் கடைசியில் விடுங்கள். நத்தைகளும் மீன்களும் குட்டையான, புதிய பாசியைத்தான் விரும்பித் தின்னும். விரல் நீளம் வளர்ந்த காட்டைக் கண்டால் ஒதுங்கிவிடும். டர்போ, செரித் வகை நத்தைகளும், சலாரியாஸ் பிளென்னி என்னும் சிறு மீன் ஒன்றும் 300 லிட்டருக்கு ஏற்றவை. நம் மீனவர்கள் ஓரா என்று அழைக்கும் மீனின் உறவான ஃபாக்ஸ்ஃபேஸ் நன்றாக மேயும் என்றாலும் வளர்ந்தபின் இவ்விடம் போதாது. அதன் முதுகுமுள்ளில் நஞ்சும் உண்டு. பவுடர் புளூ டாங்கைக் கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த அளவுத் தொட்டிக்கு வாங்காதீர்கள். பாசி தின்னவென்று ஒரு மீனை நெருக்கடியில் அடைத்து நோயில் சாகவிடுவது கொடுமை.

பிரையாப்சிஸுக்கு மட்டும் வளர்ப்பவர்களிடையே ஃப்ளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து வழக்கத்தில் உள்ளது. லிட்டருக்கு 5 மில்லிகிராம், நீரைச் சுத்தமாக்க வடிகட்டியில் வைத்திருக்கும் கரியை எடுத்துவிட்டு இரண்டு மூன்று வாரம். பறித்துப் பறித்துத் தோற்ற பிறகே அந்த வழிக்குப் போங்கள்.

சிவப்புப் பாய்

சயனோவை உறிஞ்சி எடுப்பது எளிது. எடுத்த இடத்திலேயே திரும்ப வராமல் செய்வதுதான் வேலை. அது படர்ந்த மூலையில் நீரோட்டம் மந்தமாக இருக்கிறதா, மணலில் உணவுக் கழிவு தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் முகத்தைத் திருப்பி வைத்ததிலேயே அடங்கிய தொட்டிகள் உண்டு. பாஸ்பேட் இருந்து நைட்ரேட் 0 ஆக இருக்கும்போதும் அது தழைக்கும், ஏனெனில் அதன் சில வகைகளால் நீரில் கரைந்த நைட்ரஜன் வாயுவையே உணவாக்கிக்கொள்ள முடியும். எரித்ரோமைசின் போட்டால் மறையும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொட்டியின் உயிர்வடிகட்டியாக இருக்கும் பாக்டீரியாக்களையும் அது பாதிக்கக்கூடும் என்பதாலும், அந்த நீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகிறது என்பதாலும், நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

டைனோ வந்துவிட்டால்

இதுவரை சொன்ன பலவற்றைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நீர் மாற்றுவதையும் பாஸ்பேட் உறிஞ்சும் துகளையும் நிறுத்துங்கள். நைட்ரேட்டை 5 முதல் 10க்கும், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1க்கும் உயர்த்தி, அங்கேயே நிறுத்திவைத்தால்தான் டைனோவோடு போட்டியிடும் மற்ற நுண்ணுயிர்களும் பச்சைப் பாசியும் தலையெடுக்கும். மீனுக்குக் கூடுதலாக உணவிடுவது ஒரு வழி. அது போதாதபோது தூய சோடியம் நைட்ரேட்டைக் கரைத்து ஊற்றலாம்: 100 லிட்டருக்கு 137 மில்லிகிராம் போட்டால் நைட்ரேட் 1 பிபிஎம் உயரும். நாளொன்றுக்கு 2 பிபிஎமுக்கு மேல் ஏற்ற வேண்டாம். நம் 300 லிட்டர் தொட்டிக்கு அது ஏறத்தாழ 820 மில்லிகிராம். பாஸ்பேட்டை உயர்த்தும்போது அதைப் பாறையும் மணலும் உறிஞ்சிக்கொள்வதால், மறுநாள் மீண்டும் 0 காட்டினால் மனம் தளராமல் தொடருங்கள்.

அடுத்த நடவடிக்கை எந்த வகை டைனோ என்பதைப் பொறுத்தது. நுண்ணோக்கியில் துளி வடிவில், ஒரு புள்ளியில் கட்டிப்போட்டதுபோல் சுற்றிச் சுற்றி ஆடினால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ். இரவில் அது மணலைவிட்டு நீரில் மிதந்து எழும் என்பதால் புற ஊதா விளக்குக் கருவி அதைப் பிடித்துவிடும். கருவியைச் சம்பில் பொருத்தாமல், மேல்தொட்டியிலிருந்தே நீர் எடுத்து அங்கேயே விடும்படி அமைத்து, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மூன்று நாள் விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடி வைத்தால் இன்னும் விரைவாகக் குறையும். பாலிடாக்சினை ஒத்த நஞ்சு இதிலும் இருப்பதால், நல்ல கரியைப் போட்டு வையுங்கள். நத்தைகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பெரிய செல் கொண்ட ஆம்ஃபிடினியமோ மணலைவிட்டு நகராது. புற ஊதா அதற்குப் பயன்படாது. அதற்குச் சிறிது சிறிதாகச் சிலிகேட் சேர்த்து, நாம் தொடக்கத்தில் அஞ்சிய அதே டயாட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து, இடத்தைப் பிடிக்கச் செய்கிறார்கள். இதற்குப் பல வாரங்கள் ஆகும். இடையில் பச்சைப் பாசி தோன்றினால் மகிழுங்கள். அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்.

பறித்த பாசியை எங்கே போடுவது

பறித்த பாசியையும் அது கலந்த நீரையும் மழைநீர் வடிகாலிலோ கடலிலோ கொட்டக் கூடாது. காலெர்பா டாக்சிஃபோலியா என்னும் தொட்டிப்பாசி 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே உள்ள கடலடியில் ஒரு சிறு திட்டாகக் காணப்பட்டு, பிறகு மத்தியதரைக் கடலில் பெரும்பரப்பை மூடியது. கலிபோர்னியாவின் கடற்கழி ஒன்றில் 2000இல் அதே பாசி தென்பட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடி அடியில் குளோரின் செலுத்தி, அடியோடு ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று. நம் மன்னார் வளைகுடாவிலேயே, வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருப்பது 2008இல் பதிவாகியிருக்கிறது. பறித்ததை ஒரு பழைய தட்டில் பரப்பி, மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் சருகாகக் காயவிட்டு, பிறகு குப்பையில் சேருங்கள். வாளியில் மிஞ்சிய நீரில் சலவைக்குப் பயன்படும் பிளீச் ஒரு குவளை ஊற்றி, ஒரு நாள் வைத்திருந்து, கழிவறையில் ஊற்றுங்கள். அந்த வாளியைத் தொட்டி வேலைக்கு மீண்டும் எடுக்குமுன் நன்றாக அலசி வெயிலில் காயவைத்துவிடுங்கள்.